காணாமல்போன கல்யாணம்

"கல்யாணத்தைக் காணோம்" என்றது போன்.

"என்ன நிறம்? கடைசியா எங்கே பாத்தீங்க?" என்றேன். முப்பத்தோரு வருஷம் ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள் அறையைக் காத்தவன் நான். யார் எதைக் காணோம் என்றாலும் என் வாயில் முதலில் வருவது இந்த இரண்டு கேள்விதான். உலகத்தில் உள்ள குடைகளில் பாதி என் கை வழியாகப் போனவை. மீதியை இன்னும் யாரும் தொலைக்கவில்லை.

எதிர்முனையில் அழுகைக்கும் ஆத்திரத்துக்கும் நடுவில் ஒரு குரல். "இளமஞ்சள். என் அலமாரியில, நடுத் தட்டுல. நான் வக்கீல் பேசறேன். இன்ஸ்பெக்டரம்மாகிட்ட குடுங்க."

கொடுத்தேன். மேடம் மூன்று முறை "ம்" சொன்னார். நான்காவது "ம்" சொல்வதற்குள் செருப்பு மாட்டியிருந்தார்.

"கிளம்புங்க குடை. நாளைக்குக் காலை பத்தரை மணிக்குள்ள ஒரு கல்யாணத்தைக் கண்டுபிடிச்சாகணும்."

"பொண்ணு கிடைச்சாச்சா?"

"கிடைச்சதை விடறதுக்குத்தான் தேடறாங்க."

எங்கள் மேடம் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் யாருக்கு எது காணாமல்போனாலும் தேடித் தருவது இப்போது எங்கள் இருவர் வேலை; அதில் அவர் எனக்கு வைத்த பெயர்தான் குடை. இன்ஸ்பெக்டர் என்றதும் ஜனங்கள் போலீஸ் என்று நினைத்து எழுந்து நிற்பார்கள். மேடம் பொய் சொல்ல மாட்டார். திருத்தவும் மாட்டார். முப்பது வருஷம் அடுத்தவர் தப்பைத் திருத்திய அலுப்பு என்பார்.

வக்கீல் அலுவலகம் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே. நாற்பத்திரண்டு படிகள், ஒவ்வொன்றும் ஆள் உயரம். விவாகரத்துக்காக ஏறுகிற தம்பதிகளில் பாதிப் பேர் நடுவழியில் மூச்சு வாங்க உட்கார்ந்து, வேறு வழியில்லாமல் பேச ஆரம்பித்து, சமாதானமாகி இறங்கிவிடுவதாகக் கேள்வி. நுரையீரல் பலம் உள்ளவர்கள் மட்டுமே வக்கீலின் கட்சிக்காரர்கள்.

மேலே மூன்று பேர் இருந்தார்கள். முதலாமவர் வக்கீல். எலுமிச்சம்பழ அளவு முகம், அதில் பூசணிக்காய் அளவு கவலை. இரண்டாவது, மனு போட்ட பெண். காது பரிசோதனை நிலையத்தில் வேலை. முப்பத்தைந்து வயது இருக்கும். மூன்றாவது, அந்தப் பெண்ணின் மாமியார். ஆமாம், விவாகரத்து கேட்கிற மருமகளுக்குத் துணையாக மாமியார். ஒரு கையில் டீ, இன்னொரு கக்கத்தில் கதவு அகலத்துக்கு ஒரு பழுப்பு எக்ஸ்ரே உறை.

"முழங்கால்" என்றார் மாமியார், நான் பார்ப்பதைப் பார்த்து. "இந்தப் படியில ஏறி இறங்கியே தேஞ்சுது."

விஷயம் இதுதான். கணவனும் மனைவியும் சேர்ந்தே போட்ட மனு. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. போன வாய்தாவில் நீதிபதி கேட்டது ஒன்றே ஒன்று: அசல் திருமணச் சான்றிதழ். நகல் போதாது. "நாளைக்கும் வரலேன்னா தள்ளுபடின்னுட்டார்" என்றார் வக்கீல். "நாளைக்கு விட்டா கோர்ட்டுக்கு நாப்பது நாள் லீவு."

"எனக்கு ஞாயித்துக்கிழமை கப்பல்" என்றாள் அந்தப் பெண். "தீவுல ஒரு ஆஸ்பத்திரியில மூணு வருஷ வேலை. நடுவுல வர முடியாது. தள்ளுபடி ஆச்சுன்னா, திரும்பி வந்து முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். முடிஞ்சுபோன ஒரு கல்யாணத்தை மூணு வருஷம் தோள்ல தூக்கிட்டுத் திரியணும்." குரல் உயரவில்லை. கை மட்டும் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தது.

"புதுச் சான்றிதழ் வாங்கலாமே?" என்றேன்.

வக்கீல் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. "பதிவு அலுவலகத்துல மனு குடுத்தா பதினஞ்சு நாள். பெரியவர் அரசாங்கத்துல வேலை பாத்ததில்லை போல."

"பாத்தேன். பதினஞ்சு நாள்ல நாங்க குடைக்குச் சீட்டே எழுத மாட்டோம்."

மேடம் எங்கள் இருவரையும் பொருட்படுத்தாமல் மேசையில் கிடந்த வழக்குக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பு நாடா கட்டிய காகித அட்டை. வக்கீல் சொன்னார்: செவ்வாய்க்கிழமை தானே சான்றிதழை உள்ளே வைத்துக் கட்டினார். இன்று வியாழன், மதியம் அவிழ்க்க எடுத்தார். உள்ளே எல்லாத் தாளும் இருக்க, அது மட்டும் இல்லை.

"அவிழ்த்ததுக்கு அப்புறம் நாடாவைத் தொட்டீங்களா?"

"அவிழ்க்கவே இல்லைங்க. முடிச்சு விடலை. கடைசியில நாடாவை ஓரமாத் தள்ளி உள்ளே கைவிட்டுப் பாத்தேன்."

மேடத்தின் கண்கள் விரிந்தன. பரீட்சையில் காப்பியடித்தவனைப் பிடிக்கும்போது இப்படித்தான் விரிந்திருக்கும். "பக்கத்துல இருக்கற மத்தக் கட்டையெல்லாம் எடுங்க."

எடுத்தார். எல்லாவற்றிலும் வக்கீலின் கைவண்ணம்: சோர்ந்துபோன ஒரு சுருக்கு, நாடா நுனிகள் எலி வால்போல் தொங்கின. இந்த ஒரு கட்டில் மட்டும் முடிச்சு தட்டையாக, தாளோடு தாளாகப் படிந்திருந்தது. நடுவில் இல்லை, ஓரத்தில். நுனிகள் இரண்டும் மடித்து உள்ளே செருகப்பட்டிருந்தன.

"குடை, உங்க அனுபவத்துல திருடறவங்க என்ன செய்வாங்க?"

"எடுத்துட்டு ஓடுவாங்க மேடம்."

"இவங்க எடுத்துட்டு, வக்கீலைவிட அழகாக் கட்டி வெச்சுட்டுப் போயிருக்காங்க. அவசரத்துலகூட அரைகுறையா விட மனசு வரலை. கட்டறதே தொழிலா இருந்த ஆள்."

"என் பையன் பார்சல் ஆபீஸ்ல வேலை செய்யறான்" என்றார் மாமியார், டீயை உறிஞ்சிக்கொண்டே. "அவன்தான் எடுத்திருப்பான். சந்தேகமே வேண்டாம்."

பெற்ற பிள்ளையை இவ்வளவு வேகமாக யாரும் காட்டிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. மருமகள்தான் மறுத்தாள். "அவர் எடுக்க மாட்டார் அத்தை. எடுக்கணும்னா எந்திரிக்கணுமே."

புதன்கிழமை யார் யார் வந்தார்கள் என்று மேடம் கேட்டார். மதியம் மருமகளும் மாமியாரும் வந்தார்களாம். நகல் எடுக்க வக்கீலும் மருமகளும் கீழே போனார்கள். முழங்காலை உத்தேசித்து மாமியார் மேலேயே இருந்தார். ஐந்து மணிக்குக் கணவர் தனியாக வந்து கையெழுத்துப் போட்டார். அப்போதும் வக்கீல் போன் பேச வெளியே போனார்.

"அப்ப ரெண்டு பேர்" என்றார் மேடம்.

"ஒருத்தன்" என்றார் மாமியார்.

*

பார்சல் அலுவலகத்தில் கணவர் கவுண்டர் வரிசையின் கடைசியில், ஒரு உயரமான முக்காலியில், தூங்குகிறாரா யோசிக்கிறாரா என்று தெரியாத நிலையில் இருந்தார்.

"இவங்க இன்ஸ்பெக்டர்" என்றேன்.

முக்காலி கீழே விழுந்தது. அவர் நின்றார். பக்கத்துக் கவுண்டரில் இருந்தவரும் நின்றார். பார்சல் அனுப்ப வந்த ஒருவர் பார்சலை விட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

"உக்காருங்க" என்றார் மேடம். "ஒரு சின்னப் பரீட்சை. இந்தப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டுங்க."

"மேடம், இங்கே எல்லாம் டேப்புதான். கயிறு கட்டறதில்லை."

"பரவாயில்லை, கட்டுங்க."

அடுத்த ஆறு நிமிஷம் நான் கண்ட காட்சி என் எதிரிக்கும் வரக் கூடாது. மனிதர் கயிற்றைப் பெட்டியைச் சுற்றி விட்டார். பிறகு பெட்டி வெளியே இருந்தது, அவர் கை உள்ளே இருந்தது. கையை விடுவித்ததும் பேனா, ரசீதுப் புத்தகம், என் மூக்குக்கண்ணாடி மூன்றும் ஒரே கட்டாகின. பெட்டி மட்டும் சுதந்திரமாக இருந்தது.

"சின்ன வயசுலேர்ந்தே வராது மேடம்" என்றார் வெட்கத்துடன். காலை நீட்டிக் காட்டினார். நாடா இல்லாத ஷூ. "பன்னிரண்டு வயசு வரைக்கும் அம்மா கட்டி விட்டாங்க. அப்புறம் இப்படி மாறிட்டேன்."

பரீட்சையில் தோற்றவரைப் பார்த்து மேடம் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் கண்டதில்லை. என் கண்ணாடியை நானே அவிழ்த்துக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: "ஏன் பிரியறீங்க? என் ஆசைக்குக் கேக்கறேன், பதில் சொல்லணும்னு இல்லை."

கணவர் யோசித்தார். "ஒரு பெட்டியில ரெண்டு கண்ணாடிச் சாமான் வெச்சா, நடுவுல எதையாவது திணிக்கணும் மேடம், இல்லேன்னா உடைஞ்சுடும். எட்டு வருஷம் எங்களுக்கு நடுவுல இருந்தது எங்க அம்மா. பாவம், அவங்க நசுங்கிட்டாங்க. அவ நல்லவ. நானும் கெட்டவன் இல்லை. தனித்தனிப் பெட்டியில போனா ரெண்டும் உடையாமப் போய்ச் சேரும். ஒரு வருஷமா அவ தனியாத்தான் இருக்கா. அம்மா தினமும் அவளைப் பாக்கப் போயிடுவாங்க. என்கிட்ட கேட்டா, நடைப்பயிற்சின்னு சொல்வாங்க."

"முழங்கால் வலியோடயா?" என்றேன்.

"அங்கே போறப்ப வலிக்காதாம்."

இவ்வளவு நேரம் அவர் இடது கையை மேசைக்குக் கீழேயே வைத்திருந்தார். பேச்சு வேகத்தில் அது மேலே வந்தது. கட்டை விரலில் வெள்ளைத் துணிக்கட்டு.

"டேப் வெட்டற கத்தி, செவ்வாய்க்கிழமை" என்றார், மேடம் பார்ப்பதைப் பார்த்து. "லேசாத்தான்."

மேடம் அந்த விரலை மெதுவாகப் பிடித்துத் திருப்பினார். முடிச்சு தட்டையாக, துணியோடு துணியாகப் படிந்திருந்தது. காயத்தின் மேல் இல்லை, ஓரத்தில். நுனிகள் இரண்டும் மடித்து உள்ளே செருகப்பட்டிருந்தன.

அவிழ்த்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு நானும் குனிந்து பார்த்தேன்.

"யார் கட்டினது?"

"அம்மா. முப்பத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில தலைமை நர்ஸ். முடிச்சு உறுத்தக் கூடாதும்பாங்க. படுத்தாலும் குத்தாத முடிச்சாம் இது."

"ஆனா அம்மாவுக்கு இந்த விவாகரத்துல சம்மதம்தானே?"

"என்னைவிட அதிகமா. 'அவளை விடுடா, பொழைச்சுப் போகட்டும்'னு ஆரம்பிச்சு வெச்சதே அவங்கதான்." கணவர் தலையைச் சொறிந்தார். "போன வாரம் வக்கீல் மனுவோட நகல் குடுத்தார். நான் மேலே டீ கிளாஸ் வெச்சுட்டேன். அம்மா அதை எடுத்துத் துடைச்சு, கண்ணாடி போட்டுகிட்டு மூணு தடவை படிச்சாங்க. அப்புறம் ரெண்டு நாள் யாரோடயும் பேசலை. இந்தாங்க, டிராயர்லதான் இருக்கு."

மேடம் பக்கங்களைப் புரட்டினார். மூன்றாம் பக்கத்தில் நிறுத்தினார். ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் குறி இருந்தது, மருந்து கொடுத்ததும் அட்டவணையில் நர்ஸ்கள் போடுவது மாதிரி. படித்தார். புன்னகை செய்தார். நான் எட்டிப் பார்ப்பதற்குள் மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டார்.

"மேடம், நானும் இந்தக் கதையில இருக்கேன்."

"இருங்க. கடைசியில சொன்னாத்தான் உங்க வாய் மூடும். தம்பி, நீங்களும் எங்களோட வாங்க."

*

ஆறு மணிக்கு நாற்பத்திரண்டு படிகளை மறுபடி ஏறினோம். கணவர் பதினெட்டாவது படியில் உட்கார்ந்துவிட்டார். இருபது நிமிஷம் கழித்து வந்து சேர்ந்தார்.

மாமியார் அதே நாற்காலியில், அதே உறையை அதே கக்கத்தில் வைத்திருந்தார். புழுக்கத்தில் எல்லோரும் விசிறிக்கொண்டிருந்தோம். அவர் மட்டும் ஒரு கையால் விசிறினார்.

மேடம் கணவரின் கட்டை விரலை எடுத்து வழக்குக் கட்டின் பக்கத்தில் மேசைமேல் வைத்தார். இரண்டு முடிச்சுகள், இரட்டைப் பிள்ளைகள்போல.

வக்கீல் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"சான்றிதழ் சாப்பாட்டுத் தட்டு அகலம்" என்றார் மேடம். "மடிச்சு எடுத்துட்டுப் போகலாம். ஆனா ஒழுங்கா முடிச்சுப் போடற கை தாளை மடிக்காது. மடிக்காம யாரும் கேள்வி கேக்காத ஒண்ணுக்குள்ள வெச்சு எடுத்துட்டுப் போகணும். முழங்கால் எக்ஸ்ரேயை டாக்டருக்குக் காட்டலாம். வக்கீலுக்கு எதுக்கும்மா?"

மருமகள் மெதுவாகத் திரும்பினாள். "அத்தை?"

மாமியார் மறுக்கவில்லை. உறையைத் திறந்தார். உள்ளே இரண்டு மெல்லிய தாள்களுக்கு நடுவே, ஒரு சுருக்கமில்லாமல், இளமஞ்சளாகக் கல்யாணம் வெளியே வந்தது.

"மடிக்கலை" என்றார். "ரெக்கார்டை மடிக்கக் கூடாது. வீட்டுல வெச்சா இவன் மேலே டீ கிளாஸ் வைப்பான்னு கையிலேயே வெச்சிருந்தேன்."

"ஏன் அத்தை? நீங்கதானே என்னை இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தீங்க? நாளைக்கு இது இல்லேன்னா என் நிலைமை என்னன்னு உங்களுக்குத் தெரியும்." அவள் குரல் முதல்முறையாக உடைந்தது.

"அதை வக்கீல் சொல்வார்" என்றார் மேடம்.

"நானா?" என்றார் வக்கீல்.

மேடம் மனுவின் நகலை அவர் முன் வைத்தார். "பதினோராவது பத்தி. சத்தமாப் படிங்க. பின்வரிசைக்குக் கேக்கணும்."

வக்கீல் படித்தார்: "'இம்மனு அனுமதிக்கப்படும் நாள்முதல் இரு தரப்பாரும், அவர்தம் பெற்றோர், உடன்பிறந்தோர் உள்ளிட்ட குடும்பத்தார் எவரும், மறுதரப்பாருடன் நேரிலோ, கடிதம் மூலமாகவோ, தொலைபேசி மூலமாகவோ எக்காலத்திலும் எவ்விதத் தொடர்பும் வைத்துக்கொள்வதில்லை என இதன்மூலம் உறுதி கூறுகிறார்கள்.'"

விசிறிகள் நின்றன.

"இது எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார் மேடம்.

வக்கீலின் எலுமிச்சம்பழ முகம் பிழியப்பட்டது. "வழக்கமாப் போடறதுங்க. பதினாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கேஸ்ல ரெண்டு குடும்பமும் இந்த ரூம்லயே நாற்காலியால அடிச்சுக்கிட்டாங்க. அவங்களுக்காக எழுதினேன். அப்புறம் ஒவ்வொரு மனுவும் முந்தைய மனுவைப் பாத்து அடிக்கறது. பேரை மாத்துவேன், தேதியை மாத்துவேன். இது அப்படியே வந்துகிட்டிருக்கு."

"குற்றவாளி நீங்கதான் சார்" என்றேன். "அந்தம்மா உங்க பத்திலேர்ந்து தப்பிக்கப் பாத்தவங்க, அவ்வளவுதான்."

மாமியார் வக்கீலைப் பார்த்தார். வார்டு முழுக்க நடுங்கியிருக்கும் பார்வை அது. "அவன் அவளை விடறான். அவ அவனை விடறா. தாராளமா விடட்டும், நானே சொன்னேன். நான் யாரையும் விடலையே. என்னை எதுக்குங்க அதுல சேர்த்தீங்க? என் கையெழுத்துகூட வாங்கலை."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அத்தை."

"எப்படிக் கேக்கறது?" மாமியார் உறையின் ஓரத்தைத் தடவினார். "கீழே உன் கையெழுத்து இருந்துது. 'படித்துப் பார்த்து, புரிந்துகொண்டு, முழுச் சம்மதத்துடன்'னு அதுக்கு மேலேயே எழுதியிருந்துது. சரி, போற இடத்துல இவ நம்மளை வேண்டாம்னு நெனைக்கறா போலன்னு... கோர்ட் சொல்ற வரைக்குமாவது பேசிக்கலாமேன்னு எடுத்தேன். உன் வேலை கெடும்னு நேத்து ராத்திரிதான் உறைச்சுது. திருப்பி வெக்கத்தான் இன்னிக்கு எடுத்துட்டு வந்தேன். அதுக்குள்ள இந்த மனுஷன் அலமாரியைத் திறந்துட்டார்."

மருமகள் எழுந்து போய் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "நான் படிக்கவே இல்லை அத்தை. வக்கீல் விரலை வெச்ச இடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டேன்."

"படிக்காம கையெழுத்துப் போட்டியா?" மாமியார் நிமிர்ந்தார். துக்கம் போன இடம் தெரியவில்லை. "எட்டு வருஷம் என்கூட இருந்து இதைத்தான் கத்துக்கிட்டியா?"

"நானும் படிக்கலைம்மா" என்றார் கணவர், பங்கு கேட்பவர்போல.

"நீ படிச்சிருந்தாத்தான் நான் பயந்திருப்பேன்."

வக்கீல் ஸ்கேலை வைத்துப் பதினோராவது பத்தியைக் குறுக்காக அடித்தார். ஓரத்தில் இருவரும் சுருக்கொப்பம் போட வேண்டும். மருமகள் போட்டாள், முழு மனுவையும் முதலிலிருந்து வாய்விட்டுப் படித்த பிறகு. மாமியார் பக்கத்தில் நின்று கேட்டார். கணவர் போடுவதற்கு முன் தயங்கினார்.

"இதை அடிச்சுட்டா நானும் அவளோட பேசலாமா?"

"பேசலாம்" என்றார் வக்கீல்.

"பேசியே ஆகணும்னு இல்லையே?"

மருமகள் சிரித்துவிட்டாள். எட்டு வருஷத்தில் இவர் சொன்ன ஒரே நல்ல ஜோக் என்று பின்னால் சொன்னாள்.

*

மறுநாள் பத்தரைக்கு நீதிபதி சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மனுவைப் புரட்டினார். மூன்றாம் பக்கத்தில் அவர் பேனா நின்றது. என் இதயமும் கூடவே நின்றது. பக்கத்தில் மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். ஆறுதலுக்கு என்று நினைத்தேன். நாடி பார்த்திருக்கிறார்.

"இந்தப் பத்தியை ஏன் அடிச்சிருக்கீங்க?"

வக்கீல் பதில் தேடுவதற்குள் அந்தப் பெண்ணே எழுந்து நின்றாள்.

"அது எங்களுக்குப் பொருந்தலைங்க ஐயா. மத்ததெல்லாம் படிச்சுப் பாத்தேன், சரியா இருக்கு."

நீதிபதி அவளைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், கடைசி பெஞ்சில் விறைப்பாக உட்கார்ந்திருந்த மாமியாரைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். எட்டு வருஷக் கல்யாணம் நாலரை நிமிஷத்தில் முடிந்தது. நான் ஒரு குடையைத் திருப்பிக் கொடுக்கவே அதைவிட நேரமாகும்.

வராந்தாவில் கணவர் இருவருக்கும் பொதுவாகத் தலையாட்டிவிட்டு வேலைக்கு நடந்தார். வக்கீல் அடுத்த கேஸுக்கு ஓடினார். கையில் அந்தக் கேஸின் மனு. வழியிலேயே அதன் பதினோராவது பத்தியையும் தேடிக்கொண்டு போனார்.

அந்தப் பெண் தூணோரம் நின்று தீர்ப்பு நகலைக் கைப்பையில் வைத்தாள். எதையோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள்.

"என்ன?" என்றார் மூத்தவர்.

"இல்லை... சட்டப்படி நீங்க இப்ப எனக்கு மாமியார் இல்லை. இனிமே உங்களை என்னன்னு கூப்பிடறதுன்னு யோசிச்சேன்."

"அத்தைன்னே கூப்பிடு" என்றார் அவர், படியில் இறங்க அவள் தோளைப் பிடித்துக்கொண்டு. "கூப்பிட்டா திரும்பிப் பாக்கப்போறது நான்தானே."